மூன்று முறை நின்றுபோன நடைப்பயிற்சி: நான்காவது முறை எப்படித் தொடங்கலாம்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவு: வயது 44, எடை 86 கிலோ. மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை. காலை ஒன்பதரைக்குத் திறந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் ஷட்டர் இறங்கும். வீடு தெப்பக்குளத்துக்குப் பக்கம். கடந்த மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் 6.1 சதவீதம், அதாவது சர்க்கரை நோயின் எல்லைக்கோடு, வந்திருக்கிறது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், மூன்று மாதம் உடற்பயிற்சி செய்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். படி ஏறி இறங்கினால் வலது முழங்கால் வலிக்கிறது. இதற்கு முன் மூன்று தடவை ஆரம்பித்து, மூன்றும் ஒரு மாதம் தாண்டவில்லை. "வாக்கிங்கா, ஜிம்மா, யோகாவா, எது பெஸ்ட், எத்தனை நிமிடம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எதைத் தொடங்கினால் நிற்காமல் போகும் என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். என் தொழில் இயன்முறை மருத்துவம். மூட்டு வலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்களோடு பல வருடம் வேலை செய்ததை வைத்துச் சொல்வது இது. உங்கள் முழங்காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அந்த மூன்று தடவையும் ஏன் நின்றது என்பதற்கு உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. முதல் தடவை, ஐந்து மணிக்கு எழுந்து முதல் நாளே தெப்பக்குளத்தை நாலு சுற்று, அதுவும் ரப்பர் செருப்போடு. மூன்றாம் வாரம் குதிகால் வலி. இரண்டாவது தடவை ஜிம். முதல் நாள் பயிற்சிக்குப் பிறகு நாலு நாள் படி இறங்க முடியவில்லை. மூன்றாவது தடவை ஐப்பசி மழை. மனஉறுதி இல்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இரவு பதினொன்றரைக்குப் படுப்பவர் ஐந்து மணிக்கு எழுந்தால் தூக்கம் ஐந்தரை மணி நேரம். யாராக இருந்தாலும் மூன்று வாரத்தில் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பார்கள். குதிகால் வலிக்கும் காரணம் உண்டு. புதிதாக நடக்கத் தொடங்கியவருக்கு மூச்சும் இதயமும் இரண்டு மூன்று வாரத்திலேயே பழகிவிடும். தசை அதற்கு அடுத்தபடி. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண், பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல் வரை ஓடும் தடித்த நார், இவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு. பழக மாதக்கணக்கில் ஆகும். மூன்றாம் வாரம் மூச்சு வாங்குவது நின்றதும் வேகத்தையும் தூரத்தையும் ஒன்றாகக் கூட்டுவோம். அந்த வாரம்தான் குதிகால், கெண்டைக்கால் எலும்பின் முன்பக்கம், முழங்கால் மூன்றில் ஒன்று வலிக்கத் தொடங்கும். ஆகவே முதல் ஆறு வாரம் இளைப்பதற்கு இல்லை, காலைப் பழக்குவதற்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

அளவைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, கூடவே வாரம் 2 நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை அதில் இல்லை; ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும். உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருப்பவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், வாரம் 150 நிமிட நடையும் 7 சதவீத எடைக் குறைப்பும் சர்க்கரை நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தன. நம்மூர் உடம்புக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். சென்னையை மையமாக வைத்து நடந்து 2006-இல் வெளியான இந்திய ஆய்வில் உணவும் நடையும் சேர்ந்து 28.5 சதவீதம் குறைத்தன. எடை பெரிதாகக் குறையாமலேயே அந்தப் பலன் கிடைத்தது. காரணம் உண்டு. வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏறுவது குறைகிறது என்பதிலும் சந்தேகமில்லை. நாள் முழுக்க கல்லாவில் நிற்பதை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். நிற்கும்போது தொடைத் தசை சுருங்கி விரிவதில்லை. மூட்டையை இறக்குவதும் ஏற்றுவதும் சுமைக்காரர்கள், நீங்கள் இல்லை.

இனி திட்டம். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஒரு பக்கம் சுமார் 1000 அடி, அடுத்த பக்கம் 950 அடி. ஒரு சுற்று கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் 15 நிமிடம். முதல் 2 வாரம், வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு ஒரே ஒரு சுற்று. இரண்டாவது சுற்றுக்குத் தெம்பிருந்தாலும் வீட்டுக்குத் திரும்புங்கள். ஐந்து மணி வேண்டாம், ஆறேகாலுக்குப் போனால் போதும். ஆறே முக்காலுக்கு வீட்டில் இருப்பீர்கள். 3, 4-ஆம் வாரம் காலைச் சுற்றை அப்படியே விட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் 10 நிமிடம் சேருங்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்பிவிட வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் எழ மாட்டீர்கள். 5, 6-ஆம் வாரம் காலையில் 3 நாள் இரண்டு சுற்று, 2 நாள் ஒரு சுற்று. இரவு நடையையும் சேர்த்தால் வாரத்துக்கு 170 நிமிடம் வந்துவிடும்.

வேகத்தை ஏழாவது வாரம்தான் தொட வேண்டும். குளம் நாலு கரையாக இருப்பது அதற்குத் தோது. ஒரு கரை வேகமாக, அடுத்த கரை சாதாரணமாக, மறுபடி வேகமாக. ஒரு கரை ஏறத்தாழ 300 மீட்டர், வேக நடையில் 3 நிமிடத்துக்குப் பக்கம். ஜப்பானில் ஷின்ஷு பல்கலைக்கழகத்தார் நடுவயதினருக்கும் முதியோருக்கும் கொடுத்துப் பார்த்தது இதே முறைதான்: 3 நிமிடம் வேகம், 3 நிமிடம் நிதானம். ஒரே வேகத்தில் நடந்தவர்களைவிட இவர்களுக்குத் தொடை வலுவும் மூச்சுத் திறனும் கூடின. வேகம் சரியா என்று பார்க்கக் கைக்கடிகாரம் தேவையில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான அளவு. வேகக் கரையில் நாலைந்து சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு எடுக்க வேண்டியிருக்கும். 220-இலிருந்து வயதைக் கழித்து நாடித் துடிப்பைக் கணக்கிடும் வழக்கம் வெறும் தோராயம்; ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு சாதாரணமாகவே மாறும். ரத்தக் கொதிப்புக்கு மெட்டோபிரோலால், அட்டினோலால் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது.

ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். அது கழன்று போகாமல் இருக்க ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. அந்த இழுப்பு முழுவதும் பாதத்தின் அடி நாருக்குப் போகிறது. ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள். அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். நின்றபடி போட்டுப் பார்த்தால் நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஷூவின் பின்பக்கத்தை, குதிகாலைச் சுற்றி வரும் இடத்தை, அமுக்கினால் சட்டென்று மடியக் கூடாது. விலை இதற்கெல்லாம் அளவுகோல் இல்லை. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதியில் வெறுங்காலோடு நடப்பது நல்லது என்று யாராவது சொன்னால், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர் அதைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே பத்திரம். பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடான கல்லில் கொப்புளம் வந்ததே தெரியாது.

முழங்காலுக்கு வருவோம். படி இறங்கும்போது வலி கூடுதல், சமதளத்தில் இல்லை என்கிறீர்கள். வீக்கமும் இல்லை. இந்தச் சேர்க்கை பெரும்பாலும் முட்டிச் சில்லைச் சுற்றிய வலி. தொடையின் முன்தசையும் இடுப்பின் பக்கத் தசையும் பலவீனமாக இருப்பவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. நடந்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. முழங்கால் தேய்மானம் உறுதியானவர்களுக்கே முதல் மருந்தாகப் பயிற்சியைத்தான் சொல்கிறோம். வலியை 10-க்கு மதிப்பெண் போட்டுப் பழகுங்கள். நடக்கும்போது 3 வரை இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். 4-க்கு மேல் போனாலோ மறுநாளும் நீடித்தாலோ, நிறுத்திவிடாமல் முந்தைய வாரத்து அளவுக்கு இறங்குங்கள். முட்டி வீங்கினால், மடக்கியது நீட்ட வராமல் மாட்டிக்கொண்டால், நடக்கும்போது மடிந்து கைவிட்டால், இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு நேரில் காட்டுங்கள்.

வலுப் பயிற்சியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் முழங்காலுக்கும் சர்க்கரைக்கும் நடையைப் போலவே அதுவும் அவசியம். செவ்வாய், வெள்ளி என்று வாரம் 2 நாள், 20 நிமிடம் போதும். முக்கியமானது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கை இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நுனியில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பு அகலத்தில் வைத்து, குதிகாலை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். கையை நெஞ்சின் குறுக்கே கட்டி, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, முழுப் பாதத்தையும் தரையில் அழுத்தி மூச்சை விட்டபடி எழுங்கள். உட்காரும்போது மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். கடைசி நாலு அங்குலத்தில் தொப்பென்று விழுந்தால் அந்த உயரத்துக்குத் தொடை இன்னும் தயாராகவில்லை. ஒரு தலையணையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எழும்போது முட்டிகள் உள்பக்கம் சாய்வதுதான் பலர் செய்யும் தவறு. முட்டி, காலின் இரண்டாவது விரலுக்கு நேராகவே போக வேண்டும். கண்ணாடி முன்னால் செய்தால் நீங்களே பிடித்துவிடலாம். மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால் ரத்தக் கொதிப்பு அந்த நேரத்துக்கு எகிறும்.

முதல் வாரம் எட்டு எட்டாக 2 தடவை, நடுவில் ஒன்றரை நிமிடம் ஓய்வு. இன்னும் இரண்டு மூன்று செய்யலாம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். பன்னிரண்டு எளிதாக வந்ததும் தலையணையை எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுங்கள். அரிசிப் பைக்கு உங்கள் கடையில் பஞ்சமில்லை. அதே பையை வைத்து முதுகுக்கும் ஒன்று: ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்பு வரை இழுத்து மெதுவாக இறக்குங்கள். இவற்றோடு சுவரில் கை ஊன்றி ஒரு தண்டால், மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. எல்லாமே அதே எட்டு, பன்னிரண்டு கணக்குதான்.

ஜிம்மில் உங்களைப் படுக்கவைத்தது, புதியவருக்கு முதல் நாளே நூறு பஸ்கி போடவைக்கும் வழக்கம். அந்த வலி பயிற்சி முடிந்த 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது என்பார்கள். அது பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். பழகாத தசை, நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது அதன் இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும்தான் காரணம்; அதனால்தான் பஸ்கியில் இறங்குவதும் படியில் இறங்குவதும் அதிகம் வலிக்க வைக்கின்றன. லேசான வலி தானாகப் போய்விடும், நடந்தால் சுகமாக இருக்கும். ஆனால் தொடை கல்லாக இறுகி வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சேதமான தசையின் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும். இது அபூர்வம். வருவது பெரும்பாலும் முதல் நாள் ஆவேசத்தில்தான். ஜிம் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டு மாதம் இதைச் செய்துவிட்டுப் போனால் ஜிம்மும் நன்றாகவே பயன்படும்.

சந்தேகத்துக்கு உரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். தினமும் பத்தாயிரம் காலடி என்ற எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடிகளை எண்ணும் ஒரு நடைமானியின் பெயரிலிருந்து கிளம்பியது. அதற்கு வெகு முன்பே பலன் தொடங்கிவிடுகிறது. வெறும் வயிற்றில் நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்பதில், நாள் முழுதுக்குமான கணக்கைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காலை நல்லதா மாலை நல்லதா என்பதற்கு ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. உங்களால் தொடர முடிகிற நேரம்தான் உங்களுக்கு நல்ல நேரம். வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் குறையும் என்பார்கள். இதில் சந்தேகமே இல்லை, தவறு. யோகாசனம் சர்க்கரையைக் கொஞ்சம் குறைப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு, ஆனால் அவற்றில் பல சிறியவை. பிடித்திருந்தால் சேருங்கள், நடைக்குப் பதிலாக வேண்டாம். தோப்புக்கரணம் நல்ல தொடைப் பயிற்சி. காதைப் பிடிப்பதால் மூளை கூர்மையாகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 21 நாளில் பழக்கமாகிவிடும் என்பதும் சரியில்லை. லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் நடுமதிப்பு 66 நாள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை போனது. அதே ஆய்வில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை என்பது உங்களுக்கு உதவும்.

தவறும் நாட்களுக்கு முன்கூட்டியே வழி வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெப்பக்குளம் போக முடியாத அன்று, வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே முட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி 10 நிமிடம். தீபாவளி வியாபார வாரத்தில் அதுவும் முடியாது என்றால் மதியம் சாப்பிட்டதும் வீதியில் 5 நிமிடம். நேற்று விட்டதை இன்று சேர்த்து நடக்கக் கூடாது. ஒரு வாரம் முழுக்க விட்டுப்போனால் திட்டத்தில் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். 40 டிகிரிக்குப் போகும் நாட்களில் மாலை ஆறரைக்கும் தெப்பக்குளத்துக் கல் அனல் வீசும். வெயில் காலம் தொடங்கியதும் முதல் 10, 14 நாள் வேகத்தைக் குறையுங்கள், உடம்பு சூட்டுக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும். அரை மணி நேர நடைக்குத் தண்ணீர் போதும், உப்பு சர்க்கரைக் கரைசல் வேண்டாம்.

எடையைப் பற்றிப் பெரிய நம்பிக்கை வைத்துவிடாதீர்கள். உங்கள் எடைக்கு 30 நிமிட நடையில் செலவாவது சுமார் 150 கலோரி. சால்னா இல்லாத ஒரே ஒரு பரோட்டா அதைத் தாண்டிவிடும். நடை முடிந்ததும் டீயும் வடையும், இல்லை ஒரு டம்ளர் பருத்திப்பால் என்று வழக்கமானால் கணக்கு நேராகிவிடும். எடையைவிட இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள்: காலையில், சாப்பிடும் முன், மூச்சை இயல்பாக விட்டபின், மாதம் ஒரு தடவை. நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

நிதானமான நடையைத் தொடங்க டிரெட்மில் பரிசோதனை எதுவும் தேவையில்லை, ரத்தக் கொதிப்பை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆனால் நடக்கும்போது நெஞ்சை அழுத்துவது போலிருந்து நின்றதும் விட்டுப்போனால், இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், தலை சுற்றிக் கண் இருட்டினால், அதை வாய்வு என்று ஒதுக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள். நின்ற பிறகும் விடவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், வேகக் கரையைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் மாத்திரை தொடங்கினாலும், மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நடையில் சர்க்கரை தாழ்ந்துபோவது அரிது. கிளிமிபிரைடு வகையோ இன்சுலினோ சேர்ந்தால், 3 தேக்கரண்டி சர்க்கரையைப் பொட்டலமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளாமல் கிளம்பக் கூடாது.

12 வாரம் முடிந்ததும் ஹெச்பிஏ1சி மறுபடி எடுங்கள், அதற்கு முன் வேண்டாம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பழைய சர்க்கரையின் சுவடு அதுவரை ரத்தத்தில் இருந்துகொண்டிருக்கும். அதே லேபில் எடுங்கள், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்; இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இந்த எண்ணைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். 0.1, 0.2 வித்தியாசம் அளவீட்டின் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடும், அதை வைத்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு, எந்த வாரம் எத்தனை நாள் நடந்தீர்கள் என்ற குறிப்பு, இந்த மூன்றையும் அந்த ரிப்போர்ட்டோடு எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்ய இவை எல்லாமே தேவைப்படும்.